ஹெர்குலிஸ் அசையவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அன்இன்ஸ்டோல் பண்ணாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம். ஹெர்குலிஸ் கணினி விளையாட்டு கரைச்சல் தருகிறது என்று எனக்குக் கோல் எடுக்கிற சொந்தக்காரர்களில் பலர், எடுப்பதற்கு முதலே அதை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றியிருப்பார்கள். வந்த கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும், மூன்று கிழமையாக விளையாடிச் சேர்த்த கட்டங்கள் மட்டும் போயிருக்கும். கடைசியில் பார்த்தால் அது ஒரு பொத்தானை அழுத்திச் சரிசெய்யக்கூடிய விஷயமாக இருக்கும், அதுதான் எனக்கு மனம் கேட்பதில்லை. அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தப் பகுதியைப் படித்து, அங்கே சொன்னதை மட்டும் செய்யுங்கள்.

நான் சொல்வது '12 லேபர்ஸ் ஒஃப் ஹெர்குலிஸ்' தொடரையும் அதைப் போன்ற மற்ற விளையாட்டுகளையும். 2004-இல் வந்த டைனர் டாஷ் பிரபலமாக்கிய நேர முகாமைத்துவ வகைதான், அதாவது குறித்த நேரத்துக்குள் வேலைகளை ஒழுங்குபடுத்தி முடிக்கிற விளையாட்டு, ஆனால் இங்கே உணவகத்து மேசைகளுக்குப் பதிலாகக் கிரேக்கத்து வீதி. பாதாளக் கடவுள் ஹேடிஸ் ஹெர்குலிஸின் மனைவி மெகராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான், இவன் வழியில் கிடக்கிற பாறையை அகற்றி, பாலம் போட்டு, சாப்பாடும் மரமும் தங்கமும் சேர்த்துக்கொண்டு பின்னால் போகிறான். பழைய கிரேக்கக் கதை இப்படியில்லை. அங்கே மெகரா தீப்ஸ் அரசன் கிரெயோனின் மகள், ஹீரா என்ற தேவி ஏவிய பைத்தியத்தில் ஹெர்குலிஸ் தன் பிள்ளைகளையே கொன்றுவிட்டு, அந்தப் பாவம் தீர யூரிஸ்தியஸ் என்ற அரசன் இட்ட வேலைகளைச் செய்கிறான். அந்தக் கொடுமையை எடுத்துவிட்டு, மனைவியை மீட்கப் போகிற கதையாக மாற்றியது எனக்கு நல்லதாகவே படுகிறது. இல்லாவிட்டால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அம்மா பின்னேரத் தேத்தண்ணியோடு அதைத் திறந்துவைத்துக்கொண்டு இருக்கமாட்டார்.

தட்டினால் ஒன்றும் வரவில்லை, வட்டம் சுற்றி மறைகிறது

முதலில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும், அங்கே விளையாட்டின் பெயர் இருந்தால் அதை நிறுத்திவிட்டுத் திரும்பத் திறவுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் கணினியை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். ஷட் டவுன் பண்ணித் திரும்பப் போடுவதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது, அது போட்டிருந்தால் ஷட் டவுன் பண்ணும்போது உள்ளே இருப்பதில் ஒரு பகுதியைச் சேமித்துவைத்து அதையே மறுபடி எழுப்பும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

ஒரு சின்னப் பெட்டி வந்து ஏதோ ஒரு கோப்பு இல்லை என்று சொன்னால், அந்தப் பெயரைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கினால் பழைய டிரெக்ட்எக்ஸ் பகுதி இல்லை, மைக்ரோசொஃப்ட் தளத்தில் 2010 ஜூன் தொகுப்பு என்று இருக்கிறது, அதைப் போடவேண்டும். எம்எஸ்விசிபி அல்லது விசிரன்டைம் என்று தொடங்கினால் விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பு. இரண்டும் இலவசம். தேடும்போது "அந்த ஒரு கோப்பை மட்டும் தருகிறோம்" என்று பத்துத் தளம் முன்னால் வந்து நிற்கும், அவற்றின் பக்கம் போகவே வேண்டாம். அப்படி எடுத்த கோப்போடு வைரஸும் சேர்ந்து வந்த லப்டொப்பை நான் இரண்டு நாள் இருந்து துப்புரவாக்கியிருக்கிறேன்.

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கியிருந்தால் இன்னும் லேசு. லைப்ரரியில் விளையாட்டின் பெயரில் வலது கிளிக், ப்ரொப்பர்டீஸ், இன்ஸ்டோல்ட் ஃபைல்ஸ், அங்கே வெரிஃபை என்று தொடங்குகிற பொத்தான். பழுதான கோப்பை மட்டும் இறக்கி மாற்றும், டேட்டாவும் மிச்சம். விண்டோஸ் 7 இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 2024 ஜனவரி 1-இலிருந்து ஸ்டீம் அதற்கு ஆதரவு தருவதில்லை, 8-க்கும் 8.1-க்கும் அப்படித்தான். அது விளையாட்டின் பிழையல்ல.

இனி நம் ஆட்களுக்கு மட்டுமே வருகிற ஒன்று, வேறு எங்கும் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் சித்தியின் மகள் புது லப்டொப் வாங்கிக் கணக்கின் பெயரைத் தமிழிலேயே வைத்திருந்தாள். ஆசையாக வைத்தது. மற்ற எல்லாம் ஓடின, இந்த மாதிரிச் சிறு விளையாட்டுகள் மட்டும் திறந்த கையோடு மூடிக்கொண்டன. ஏனென்றால் எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிக்கோடுக்கு முந்திய விண்டோஸ் எழுத்து அட்டவணைகளில் ரஷ்யனுக்கு, அரபுக்கு, தாய்லாந்து மொழிக்கெல்லாம் இடம் இருந்தது, தமிழுக்கு இருக்கவில்லை. அந்தப் பழைய முறையில் எழுதப்பட்ட விளையாட்டு தன் சேமிப்புக் கோப்புறையைத் தேடிப் போகும்போது பாதையில் அவளுடைய பெயரைக் கண்டு, அதை வரிசையாகக் கேள்விக்குறிகளாக வாசித்து, அப்படி ஒரு கோப்புறையே இல்லை என்று நின்றுவிடும். செட்டிங்ஸில் போய்ப் பெயரை ஆங்கிலத்துக்கு மாற்றிப் பயனில்லை, வெளியே தெரிகிற பெயர் மாறும், உள்ளே யூசர்ஸ் கோப்புறையில் இருக்கிற பெயர் மாறாது. செய்யவேண்டியது, ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாத ஒரு சின்னப் பெயரோடு புதுக் கணக்கு ஒன்று திறந்து, ஒருமுறை உள்ளே போய், அதற்குப் பிறகு அந்தக் கணக்கின் பெயரைத் தமிழுக்கு மாற்றுவது. இப்போது கோப்புறை ஆங்கிலத்தில், திரையில் வருவது தமிழில். அவளுடைய பெயர் இன்னும் தமிழில்தான் தெரிகிறது, ஹெர்குலிஸும் ஓடுகிறான்.

சத்தம் கேட்கிறது, திரை கறுப்பு

ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்துங்கள். நிறைய விளையாட்டுகளில் அது முழுத் திரையிலிருந்து சின்ன ஜன்னலுக்கு மாற்றும், படம் வந்துவிட்டால் உள்ளே செட்டிங்ஸில் முழுத் திரையை எடுத்துவிடுங்கள். லப்டொப்பை டிவியோடு இணைத்து விளையாடுபவர்கள் வயரைக் கழற்றிவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள், விளையாட்டு அந்த மற்றத் திரையில் போய்த் திறந்திருக்கும். இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லப்டொப் என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் விளையாட்டைச் சேர்த்து, மற்றதைத் தெரிவுசெய்து பாருங்கள். சத்தம் மட்டும் இல்லாத பிரச்சினைக்கும் முதல் சந்தேகம் டிவி வயர்தான், சத்தம் அங்கே போயிருக்கும். கீழே ஸ்பீக்கர் படத்தைத் தட்டி மாற்றிவிடலாம்.

மவுஸ் ஓரிடம், கிளிக் வேறிடம்

பாறையைத் தொட்டால் பக்கத்துப் பற்றை வெளிக்கிறது, அல்லது திரையின் வலது ஓரத்தில் இருக்கிற எதையும் தொடவே முடியவில்லை. பம்பலப்பிட்டியில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய அம்மாவின் லப்டொப்பில் முதல் நாளே இது வந்தது, மவுஸ் பழுது என்று நினைத்து இன்னொரு மவுஸும் வாங்கிவிட்டோம். மவுஸில் பிழையில்லை. சின்னத் திரையில் எழுத்துப் பெரிதாகத் தெரியவேண்டும் என்று விண்டோஸ் எல்லாவற்றையும் 125 அல்லது 150 சதவீதமாகப் பெருப்பித்து வைத்திருக்கும். பழைய விளையாட்டுக்கு அது தெரியாது, அது தன் கணக்கில் இடத்தை அளக்கும், விண்டோஸ் தன் கணக்கில் அளக்கும், இரண்டுக்கும் நடுவில் உங்கள் கிளிக் விழும். ஓரத்துக்குப் போகப் போக விலகல் கூடுவது இதற்கான அடையாளம்.

விளையாட்டின் கோப்பில் வலது கிளிக், ப்ரொப்பர்டீஸ், கொம்பட்டிபிலிட்டி, அதில் சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். கீழே இருக்கிற ஓவர்ரைட் பெட்டியில் சரி போட்டு, அப்ளிகேஷன் என்று தெரிவுசெய்யுங்கள். கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து வாசிக்கக் கஷ்டப்படுகிற அம்மா அப்பாக்களின் கணினியில் மொத்தத் திரையையும் 100-க்கு இறக்கிவைத்துவிட்டு வராதீர்கள். மேலே சொன்னது அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும்தான் பொருந்தும், மற்றதெல்லாம் பெரிதாகவே இருக்கும்.

சேமித்தது எல்லாம் போய்விட்டது

பதறாதீர்கள், முதலில் முகப்புத் திரையில் ஆட்டக்காரரின் பெயர் என்னவென்று பாருங்கள். இந்த வகை விளையாட்டில் ஒரே வீட்டில் நாலுபேர் நாலு பெயரில் விளையாடலாம். பேரப்பிள்ளை வந்து தன் பெயரைப் போட்டுவிட்டுப் போயிருக்கும், அந்தப் பெயரில் திறந்தால் முதலாம் கட்டம்தான் தெரியும். பெயரை மாற்றினால் உங்களுடையது அப்படியே இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்தது இதுதான்.

பெயர் சரி, கட்டங்கள்தான் இல்லையென்றால், கடைசியாக விளையாடும்போது கறண்ட் போனதா என்று யோசியுங்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மாட்டி இலங்கை முழுக்க கறண்ட் போனதே, அந்த நேரம் அம்மா ஒரு கட்டத்தை முடித்துக்கொண்டிருந்தார். லப்டொப்பின் பட்டரி ஏற்கெனவே செத்தது, சார்ஜர் இல்லாமல் ஒரு நிமிடம் நிற்காது. விளையாட்டு சேமிப்புக் கோப்பை எழுதிக்கொண்டிருக்கிற அந்த நொடியில் நின்றால், பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுத முதல் நின்றுபோகும், பிறகு பார்த்தால் கோப்பு இருக்கும், அதற்குள் 0 கிலோபைட் இருக்கும். 2022-இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டிய காலத்தில் நேர அட்டவணை கையில் இருந்ததால் முன்கூட்டியே மூடிவைப்போம். சொல்லாமல் போகிற கறண்ட்தான் ஆபத்து.

இப்படி நடந்தால் கறண்ட் வந்த கையோடு விளையாட்டைத் திறக்காதீர்கள். வைஃபையை நிறுத்துங்கள், விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும், அதில் சதவீதக் குறி, ஆப்டேட்டா, இன்னொரு சதவீதக் குறி என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு கோப்புறை திறக்கும். பெரும்பாலும் அங்கேதான் விளையாட்டை ஆக்கியவர்களின் பெயரிலோ விளையாட்டின் பெயரிலோ ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் டொக்கியுமென்ட்ஸிலும் சேவ்ட் கேம்ஸிலும் பாருங்கள். கண்டுபிடித்த கோப்புறையை அப்படியே பென் டிரைவில் பிரதி எடுங்கள், பழுதானதாக இருந்தாலும் பரவாயில்லை. உள்ளே அதே பெயரில் பின்னால் பிஏகே என்று முடிகிற இன்னொரு கோப்பு இருந்தால் அது பழைய பிரதி, அதன் பெயரை மாற்றிப் போட்டால் ஒரு கட்டம் மட்டும் பின்னால் போய் மற்றதெல்லாம் கிடைத்துவிடும்.

ஸ்டீமில் மேகச் சேமிப்பு (கிளவுட்) உள்ள விளையாட்டு என்றால் இணையத்தில் ஸ்டீமிடமும் ஒரு பிரதி இருக்கும். இணையத்தை இணைத்ததும் இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒத்துப்போகவில்லை, எதை வைக்க என்று கேட்கலாம். பழக்கதோஷத்தில் புதிய திகதியைத் தெரிவுசெய்வோம், இந்த இடத்தில் அது பிழை, ஏனென்றால் புதிய திகதியோடு இருப்பது கறண்ட் போனபோது உடைந்த கோப்பு. மேகத்தில் இருப்பதைத் தெரிவுசெய்யுங்கள். அம்மாவுக்கு அன்று போனது ஒரே ஒரு கட்டம்தான்.

கறண்ட் போகவே இல்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்துதான் தொடங்குகிறது என்றால் விண்டோஸ் பாதுகாப்பில் கன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்ஸஸ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது தெரியாத செயலிகளை டொக்கியுமென்ட்ஸ் கோப்புறையில் எழுதவிடாது. அதை நிறுத்தவேண்டாம், நல்ல காவல். விளையாட்டை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள்.

ஹெர்குலிஸ் அசையவில்லை

எனக்கு வருகிற கோல்களில் கூடுதலானது இதுதான். கொட்டாஞ்சேனையிலிருந்து பெரியம்மா எடுத்தார்.

"தம்பி, உவன் அசையிறானில்லை. லப்டொப் பழுதாப் போச்சு போல கிடக்கு."

"தண்ணி ஓடுதோ, மரம் ஆடுதோ பெரியம்மா?"

"ஓம், அதெல்லாம் ஆடுது."

"அப்ப லப்டொப் நல்லா இருக்கு. அந்தப் பாறைக்கு மேல மவுஸைக் கொண்டுபோய் வையுங்கோ. என்ன கேக்குது?"

"ரெண்டு சாப்பாடு, ஒரு மரம்."

"உங்களிட்ட எத்தினை இருக்கு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சாப்பாடு ஒண்டும் இல்லை ராசா."

பின்னணி அசைகிறது, நேரம் ஓடுகிறது, ஆள் மட்டும் நிற்கிறான் என்றால் அது கோளாறு அல்ல, விளையாட்டு உங்களிடம் ஏதோ கேட்கிறது. என்ன கேட்கிறது என்று மவுஸை மேலே வைத்துப் பார்த்தாலே தெரியும். பொருள் போதாது என்றால் பெரும்பாலும் சாப்பாடுதான், ஏனென்றால் கிட்டத்தட்ட எந்த வேலைக்கும் அது வேண்டும். பெரியம்மா தங்கச் சுரங்கம் அழகாக இருக்கிறது என்று அதை முதலில் திருத்திக் கட்டி, இருந்த சாப்பாட்டையும் மரத்தையும் அதில் கொட்டிவிட்டார். வெறுந்தரையில் கிடக்கிற பழம் பொறுக்குவதற்குப் பொதுவாக எதுவும் செலவில்லை, அப்படி ஏதாவது மிச்சம் இருந்தால் தப்பலாம். ஒன்றும் இல்லையென்றால் கட்டத்தைத் திரும்பத் தொடங்கத்தான் வேண்டும். ஆனால் தொடங்க முதல், சாப்பாடு தருகிற இடம் படத்தில் எங்கே இருக்கிறது, அதற்குப் போகிற வழியில் என்ன கிடக்கிறது என்று ஒருதரம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் அதே இடத்தில் திரும்பவும் நிற்பீர்கள்.

பொருள் இருந்தும் போகவில்லையென்றால் வழி மூடியிருக்கும். நீங்கள் தொட்ட பாறைக்கு முன்னால் இன்னொரு கட்டையோ உடைந்த பாலமோ இருக்கும், ஆள் பாய்ந்து போகமாட்டான், முன்னால் இருப்பதை முதலில் எடுக்கவேண்டும். அல்லது அந்த வேலை அந்த ஆளுடையதல்ல. கூலியாட்கள் மரக்கட்டை தூக்குவார்கள், பெரும்பாறையை ஹெர்குலிஸ்தான் தூக்கவேண்டும், எதிரில் நிற்பதை விரட்ட இன்னொருவர் வேண்டும். அவர்கள் நிற்கிற இடத்துக்கு வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் பதற்றத்தில் பத்து இடத்தைத் தொட்டிருப்பீர்கள், எல்லாம் வரிசையில் நிற்கும், நீங்கள் கடைசியாகத் தொட்டது பத்தாவதாகத்தான் வரும். கையை எடுத்துவிட்டு அரை நிமிடம் பொறுங்கள்.

தண்ணியும் ஓடவில்லை, மவுஸும் நகரவில்லை என்றால்தான் உண்மையான உறைவு. ஆல்ட்டும் டாப்பும் அழுத்தி வெளியே வந்து டாஸ்க் மனேஜரில் நிறுத்துங்கள். சூட்டிலும் இப்படி வரும். மெத்தையில் லப்டொப்பை வைத்து விளையாடினால் கீழே காற்று போகாது, கொழும்புப் புழுக்கத்தில் அது தாங்காது.

மூன்று நட்சத்திரம் வரவே வரவில்லை

கைவேகம் போதவில்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எழுபதுக்குக் கிட்டவான அம்மா மூன்று நட்சத்திரம் எடுக்கிறார், அவருடைய கை வேகமே இல்லை. ஆகியஸ் என்ற அரசனின் அழுக்கு நிறைந்த மாட்டுத் தொழுவத்தை ஹெர்குலிஸ் எப்படித் துப்புரவாக்கினான் என்று யோசியுங்கள். மண்வெட்டி எடுத்து அள்ளவில்லை, அல்பியஸ், பெனியஸ் என்ற இரண்டு ஆற்றைத் திருப்பி உள்ளே விட்டான், ஒரே நாளில் முடிந்தது. இங்கேயும் எதை முதலில் திறந்தால் மற்றதெல்லாம் தானாக ஓடும் என்பதுதான் விஷயம்.

முதல் முறை நட்சத்திரத்தை மறந்துவிட்டு படத்தைப் படிப்பதற்காகவே விளையாடுங்கள். இரண்டாம் முறை, முதலில் சாப்பாடு தருகிற இடம், அடுத்து கூலியாள் கூடுகிற குடிசை, பிறகு மரம், அதற்குப் பிறகுதான் வீதி. தங்கம் கேட்கிற வேலை எது என்று பார்த்து, அது வர ஒரு நிமிடத்துக்கு முதல் தங்கத்தைத் தொடுங்கள். பண்ணை வாசலில் விளைந்து கிடப்பதை எடுக்காமல் விட்டால் பெரும்பாலும் அடுத்தது விளையாது, இதில்தான் ஆட்கள் நேரத்தை இழக்கிறார்கள். வேகம் கூட்டுகிற பொத்தான் நிரம்பிய உடனே பாவியுங்கள், கடைசிக்கு என்று வைத்தால் ஒரு முறை பாவிக்கவேண்டியதை மூன்று முறை பாவித்திருக்கலாமே என்று இருக்கும். தூரத்தில் வேலை இருக்கும்போது ஓட்டம், பெரும்பாறை உடைக்கும்போது வேலை வேகம்.

நட்சத்திரம் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் அடுத்த கட்டம் திறக்கும், நேரமே இல்லாத முறையும் பல விளையாட்டுகளில் தொடக்கத்தில் இருக்கிறது, அதில் விளையாடுவது ஒன்றும் குறைவில்லை. யூரிஸ்தியஸ்தான் அப்படிக் கணக்குப் பார்த்தவன். முதலில் பத்து வேலைதான் என்று பழைய புராணங்களைத் தொகுத்த அப்பொலொடோரஸ் எழுதுகிறார், பல தலைப் பாம்பு ஹைட்ராவைக் கொல்ல உன் சகோதரன் மகன் இயோலாஸ் உதவினான், தொழுவத்துக்குக் கூலி பேசினாய் என்று யூரிஸ்தியஸ் இரண்டைச் சேர்க்கமாட்டேன் என்றான், அதனால்தான் 12 ஆனது.

ஒன்றுமே சரிவரவில்லை

விளையாட்டை ஆக்கியவர்களுக்கு எழுதுங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்யமுடியாது. எந்தப் பாகம், எத்தனையாம் கட்டம், கடைசியாகத் தொட்டது எது, விண்டோஸ் எத்தனை, பிழைப் பெட்டியின் படம், இவ்வளவும் வேண்டும். பணத்தைத் திரும்பக் கேட்பதானால் ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருக்கவேண்டும். கறுப்புத் திரை சும்மா திறந்தபடி கிடந்த நேரமும் அந்த 2 மணித்தியாலத்தில் சேரும், அதனால் வழி தேடப் போகும்போது விளையாட்டை மூடிவைத்துவிட்டுத் தேடுங்கள்.